யானைக்கு வைத்த லைட்

அருளப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் தேயிலை எஸ்டேட் ஷெட்டில்தான். நாங்கள் துரை என்று கூப்பிடும் மேனேஜர் கோவையில் தேடிப் பிடித்து வாங்கி வந்த நான்கு பெரிய லைட்டுகளை ஜீப்பின் கூரையில் பொருத்திவிட்டு அவன் அப்போதுதான் இறங்கினான். ஜீப் ஓட்டுவதும் அவனே.

“இந்த வெளிச்சத்தைப் பார்த்தா யானை ஓடிடும். இனிமே இருட்டினாலும் காட்டுப் பாதையில ஆளுங்களை ஏத்திட்டுப் போ” என்றார் துரை.

“ஓடலேன்னா, துரை?”

“ஓட வைக்கிறது உன் வேலை. முடியாதுன்னா கிளம்பு.”

“சரிங்க. சோதிச்சுப் பார்க்க இங்க யானை இல்லை. நீங்களே கொஞ்சம் முன்னால நில்லுங்க. லைட்டைப் போட்டதும் ஓடுங்க.”

துரை சிரித்தபடி போய் நின்றார். நான்கும் ஒன்றாக எரிந்தன.

“அணைடா அதை!” என்று கத்திக்கொண்டு, கண்ணைப் பொத்தியபடி நேராக ஜீப்பை நோக்கியே பாய்ந்து வந்தார்.

அருளப்பன் லைட்டை அணைத்தான். “யானையும் இப்படித்தாங்க வரும், துரை.”

ஷெட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பைத் துரை மன்னிக்கவில்லை. விடிவதற்குள் அருளப்பனின் குடும்பத்தை எஸ்டேட் வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார். போன ஊரில், அந்த மழைக்காலத்திலேயே, அவன் காய்ச்சலில் இறந்துபோனான்.

அந்த ஜீப் இன்னும் ஓடுகிறது. இருட்டிய பிறகு அதில் யாரையும் ஏற்றுவதில்லை.