கீழ்ப்பட்டையை எடுத்தது யார்?

கடையநல்லூர் வாசகசாலையில் பதினொரு பழைய கணினிகள் உண்டு. அவற்றைக் கட்டிக் காப்பவர் குலசேகரன். போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றவர், வயது ஐம்பத்தொன்பது. அவருக்குக் கணினி கற்றுக்கொடுத்தவள் ஹெப்சிபா. அவளுக்கு முப்பத்தொன்று. ஞாயிறு மாலை வந்து போவாள். மகள் வயதுதான் என்றாலும் அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார்.

அந்தக் கணினிகளில் இருந்தது ‘குருவி’ என்கிற டெஸ்க்டாப் மென்பொருள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்தது. எடுத்துக்கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம். ஒரு பொத்தான் அரை அங்குலம் நகர்ந்தாலும் அங்கே குடுமிப்பிடிச் சண்டைதான்.

சனிக்கிழமை குருவியின் புதிய பதிப்பு வந்தது. “முதல்ல ஒண்ணுல போட்டுப் பாருங்க, அப்புறம் மத்ததுல போடுங்க” என்று ஹெப்சிபா எத்தனையோ முறை தலைபாடாய் அடித்துக்கொண்டிருக்கிறாள். மனிதர் கேட்டால்தானே! பதினொன்றிலும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வந்தது வினை.

பீரம்மாள் பீடி சுற்றுகிறவள். மகளுக்குக் கல்லூரி விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. இடம் கிடைக்காவிட்டால் பெண் படிப்பை விட்டுவிட்டுத் தாயோடு பீடித்தட்டைத் தூக்க வேண்டியதுதான். பாதி நிரப்பியவள், நடுவில் சான்றிதழைத் திறந்து பார்த்தாள். விண்ணப்பம் கண்ணில் இருந்து மறைந்துபோயிற்று. திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும். திறந்து வைத்ததெல்லாம் அதில் வரிசையாகத் தெரியும், தொட்டால் வந்துவிடும். அப்படித்தான் அவள் பழகியிருந்தாள். இன்றைக்குப் பட்டையையே காணோம்.

“சார், எல்லாம் போச்சே!”

குலசேகரன் ஓடிவந்து பார்த்தார். பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

“பட்டையை எடுத்துட்டானுகளா! நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்கம்மா. இவனுகளை ஒரு கை பாக்காம விடமாட்டேன்.”

அவள் கணினிக்கு முதுகைக் காட்டி, எதிர்வரிசையில் மன்றத்துக்கு எழுத உட்கார்ந்தார். மத்தியானச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பீரம்மாள் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். “இருங்கம்மா, உங்களுக்காகத்தான் எழுதிட்டிருக்கேன்” என்று திரும்பாமலேயே கையை அசைத்தார்.

நான்கு மணிக்கு ஹெப்சிபா வந்தாள். வெளியே யாரிடமோ இரண்டு வார்த்தை பேசுகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து, அவருக்குப் பின்னால் இருந்த கணினியின் முன் நின்றாள்.

“டீச்சர், அநியாயத்தைப் பாத்தீங்களா?”

“சொல்லுங்க சார்.”

“சொல்றது என்ன, எழுதியே வச்சிருக்கேன். மூணு பக்கம். அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க கேக்கணும்.”

“படிங்க. கேக்குறேன்.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு திரையைப் பார்த்துப் படித்தார்.

“‘கீழ்ப்பட்டையை எடுத்த மகாபுத்திசாலி யார்? பத்து ஆண்டுகளாகக் கணினியைத் தொட்டு வருகிறவன் கேட்கிறேன். என்னைக் கேட்டீர்களா? என்னைப் போன்றவர்களை மதித்தீர்களா? நான் இந்தக் குருவியை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா?’ எப்படி இருக்கு டீச்சர்?”

“ம். படிங்க.”

பின்னால் நாற்காலி இழுபட்டது. விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. டீச்சர் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறாளே என்று அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருந்தாலும் குரலை உயர்த்தினார். பத்திக்குப் பத்தி நிறுத்தி விளக்கமும் சொன்னார். மூன்றாம் பக்கம் முடியும்போது மணி நாலரை தாண்டியிருந்தது. பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளியது.

“எடுத்தவன் பேரு தெரியணும் டீச்சர். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்.”

“யாரு எதை மாத்துனாங்கன்னு எழுதுற பதிவுல ‘உப்பளம்’னு ஒரு பேரு இருக்குமே, பாத்தீங்களா?”

“பாத்தேன். யாரு அந்த உப்பளம்?”

“நான்தான்.”

குலசேகரன் நாற்காலியோடு திரும்பினார்.

“நீங்களா? எனக்குச் சொல்லிக்குடுத்த நீங்களா?”

“குருவியில பட்டையைப் பழுது பாத்துக்கிட்டிருந்தது ரெண்டு பேரு. ஒருத்தர் விலகிட்டாரு. என் ஒருத்தியால முடியல. யாருக்காவது இது வேணுமா, யாராவது கை குடுப்பீங்களான்னு மன்றத்துல ஏழு மாசம் கேட்டு வச்சிருந்தேன். ஒரு பதில் வரல.”

“நான் பாக்கலையே.”

“இப்ப, எடுத்ததுக்கு அப்புறம், எத்தனை பதில் வந்திருக்கு?”

அவர் திரையைப் பார்த்தார். “நூத்திப் பன்னெண்டு.”

“எல்லாம் திட்டா?”

“பெரும்பாலும்.” அடுத்த நொடியே அவருக்குப் பழையபடி சூடு ஏறிவிட்டது. “அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிருமா? டீச்சரா இருந்தா என்ன, தப்பு தப்புதான்! ஒரு பாவப்பட்ட பொம்பளை காலையில இருந்து...”

அப்போதுதான் பீரம்மாளைக் கவனித்தார். அவருக்குப் பின்னால் இருந்த கணினியின் முன்தான் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தத் தாள்.

“அனுப்பியாச்சு சார்” என்றாள் அவள். “இந்தா ரசீது.”

“எப்படிம்மா? எல்லாம் போச்சுன்னீங்களே?”

“எங்கயும் போகல. சான்றிதழுக்குப் பின்னாடியேதான் இருந்திருக்கு. இந்தப் பிள்ளை ரெண்டு விசையை அமுக்குச்சு, வந்துருச்சு. உங்களை நம்பி அஞ்சு மணி நேரம் பெஞ்சுல தவம் கிடந்தேனே சார்! ஒரு தடவை தேடிப் பாத்திருக்கக் கூடாதா? எம் மக வாழ்க்கை அதுலதானே இருந்துச்சு!”

முந்தானையை உதறி இழுத்துவிட்டுக்கொண்டு அவள் வெளியேறினாள். செருப்புச் சத்தம் தெருவரை கேட்டது.

குலசேகரன் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். விசைப்பலகையைத் தடவினார்.

“நீங்க கேட்டது சரிதான் சார்” என்றாள் ஹெப்சிபா. “நான் எடுத்திருக்கக் கூடாது. பட்டையை நாளைக்கே திருப்பி வச்சுடுறேன்.”

அவர் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நெசமாவா? பாத்தீங்களா! என் கடிதத்தைக் கேட்டதாலதானே டீச்சர்?”

ஹெப்சிபா அவர் தோளுக்கு மேலாக அந்த மூன்று பக்கங்களையும் மெல்ல மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

“இதுல பீரம்மாள் எங்க சார் இருக்காங்க?”