வீடியோவில் தெரிந்த கை

போளூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஆசிரமம். அதை நடத்திய மங்கையம்மாவுக்கு நாற்பது வயதுதான். அவருடைய சீடர் தணிகாசலம் அறுபதைத் தாண்டியவர். கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சோதிக்கும் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

சாப்பாட்டுக் கூடத்தில் மாட்ட மூன்று படங்கள் வாங்கும் பொறுப்பை அம்மா அவரிடம் கொடுத்தார். முத்துப்பேச்சி என்று ஒரு பெண், கிராமத்துக் காட்சிகளை வரைந்து, பிரிண்ட் போட்டுத் தானே விற்றுவந்தாள்.

தணிகாசலம் போனில் பார்த்தார். ஆட்டுக்கிடை, களையெடுப்பு, மழையில் நனையும் வைக்கோல் வண்டி. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. அந்த அழகுதான் அவரை உறுத்தியது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறதே.

நீங்கள் வரைந்தவைதானா என்று கேட்டார். பாதி வரைந்த படத்தின் பக்கத்தில் தான் நிற்கும் போட்டோவை அவள் அனுப்பினாள். படத்தின் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று நினைத்தார். வரைகிற வீடியோவும் வந்தது. அதில் கை மட்டும்தான் தெரிந்தது. யார் கையோ?

நான்காம் நாள் முத்துப்பேச்சியே வந்து நின்றாள். கோவில்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி, அசல் ஓவியத்தைப் பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். வண்ணத்தைக் குழைத்து, அவர் கண்ணெதிரே ஒரு ஆட்டை வரைந்தாள். ஆட்டின் காது ஒரே இழுப்பில் வந்து விழுந்தது.

தணிகாசலத்துக்கு உள்ளே ஏதோ இளகியது. உடனே சுதாரித்துக்கொண்டார். மூன்று பிரிண்ட் விற்க இவ்வளவு தூரம் யார் வருவார்கள்? அதையும் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

அவள் தூரிகையைக் கழுவினாள். ஓவியத்தைச் சேலையில் சுற்றினாள். அருகில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை வணங்கினாள்.

"இவருக்கு விக்கிறதா இல்லைங்கம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தணிகாசலத்துக்கு ஒரு நிம்மதி. "பாத்தீங்களாம்மா, கொஞ்சம் துருவிக் கேட்டதும் கிளம்பிட்டாங்க. நான் சந்தேகப்பட்டது சரிதானே?"

முத்துப்பேச்சி கேட்டைத் தாண்டிப் போகும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"அவங்க வேற எதைக் காட்டியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்க, ஐயா?"

தணிகாசலம் சொல்ல வாயெடுத்தார். போட்டோ, வீடியோ, கண்ணெதிரே வரைந்த ஆடு, எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே காட்டியிருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.