ஒரே தட்டு வெற்றிலை

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவர் பேச்சைத்தான் நம்புவார்.

அவரிடம் கம்பளி விற்க ஒரு வெள்ளைக்கார வியாபாரி வந்தான். அவன் பேச்சைத் தமிழில் சொன்னவர் துபாஷி ஆவுடையப்பன். வியாபாரி வாயைத் திறந்தால் 'மேக் அப்' என்ற ஒரே இங்கிலீஷ் சொல்தான். விலையில் தகராறு வந்தபோது அதைச் சொன்னான். சமாதானமாகப் போகலாம் என்கிறார் துரை என்றார் துபாஷி. மூட்டையைக் காட்டி அதையே சொன்னான். கட்டச் சொல்கிறார் என்றார். கம்பளியில் ஓட்டை என்ற காவலனைப் பார்த்தும் அதையே சொன்னான். இவன் கதை கட்டுகிறான் என்கிறார் என்றார்.

துபாஷி வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிவிடத் துடித்த பிரதானி நரசப்பருக்கு இது போதாதா? ஒரே சொல்லுக்கு மூன்று பொருளா, இந்த ஆள் தங்களை ஏமாற்றுகிறான் என்று ஓதினார். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒன்றுக்கு ஒரு பொருள்தான். இவன் நாக்கை அறுத்துவிடுங்கள்."

சபை விகடன் பிச்சாண்டி முன்னால் ஓடிவந்தான். பேசிப் பிழைக்கிற மனிதர், நாக்குப் போனால் என்ன செய்வார்? அவன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். ராஜா எரிச்சலோடு வெற்றிலைத் தட்டை நீட்டினார். அந்தச் சபையில் அப்படி நீட்டினால், பேச்சு முடிந்தது, போகலாம் என்று அர்த்தம்.

பிச்சாண்டி வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆனால் போகவில்லை. நேரே அரியணைப் படியில் ஏறி உட்கார்ந்தான்.

"கல்யாணத்தை எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம், சம்பந்தி?"

என்ன உளறல் இது என்று ராஜா சீறினார்.

"போன மாதம் அண்டை நாட்டு அரசருக்கு இதே தட்டில் வெற்றிலை கொடுத்து மூத்த இளவரசிக்கு நிச்சயம் செய்தீர்கள், மகாராஜா. இப்போது எனக்கும் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றுக்கு ஒரு பொருள்தானே? என் மகன் கொடுத்துவைத்தவன்."

"உன்னைப் போகச் சொல்லிக் கொடுத்தேன். ஆளையும் நேரத்தையும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டாமா?"

"துபாஷியும் அதைத்தான் செய்தார், பிரபு."

ராஜாவின் மீசை துடித்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். துபாஷியை விடுவிக்கச் சொல்லி, தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டி கழுத்தில் போட்டார். நரசப்பர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

இரண்டு பாஷை தெரிந்த ஆவுடையப்பனுக்கு ஒன்றிலும் வார்த்தை வரவில்லை. பிச்சாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கும் பிச்சாண்டியும் அன்று அவரோடு சேர்ந்து அழுதான்.