ஒரு சிட்டிகைக் கருணை

மாந்தோப்பூரை ஆண்ட வெற்றிவேல் பூபதிக்குப் படை உண்டு, யானை உண்டு, வஞ்சகமில்லாத மனசும் உண்டு. மூக்குதான் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு நாளைக்கு எட்டு மட்டை மூக்குப்பொடி கேட்கும். சபையில் அவர் தும்மினால் கொலு மண்டபத்துப் புறாக்கள் பக்கத்து ஊர் வரை போய்த்தான் திரும்பும்.

ராணி முகம் சுளிக்கும்போதெல்லாம் பூபதி பொடியை விட்டுவிடுவார். சும்மா விடமாட்டார், கல்வெட்டு வைப்பார். "சந்திரனும் சூரியனும் உள்ளவரை பொடி தொடோம். தொட்டால் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போகக் கடவோம்" என்று வெட்டிக் கோயில் வாசலில் நட்டுவிடுவார். சந்திரன் ஒரு சுற்றுத் தேய்வதற்குள் டப்பி திறந்துவிடும். இப்படிப் பதினொரு கல் ஆகிவிட்டது. சாமி கும்பிட வருகிறவர்கள் உடம்பைச் சாய்த்துக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "வழுக்கிட்டாரு" என்றது. "பழையபடி ஆரம்பிச்சுட்டாரு" என்றது. ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சொற்களை இனி யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று தண்டோரா போட்டுவிட்டார். பாவம், அரண்மனை வைத்தியர்! ராணிக்குக் காய்ச்சல் திரும்பியபோது, "அந்தக் காய்ச்சல் போய்விட்டது மகாராஜா. இது அதே முகஜாடையில் வேறொரு காய்ச்சல்" என்று சொல்லித் தப்பித்தார்.

ஒருநாள் தளவாய் நரசப்பர் சபைக்குள் மூச்சிரைக்க வந்தார். பின்னால் காவலர்கள் கல்தச்சன் சங்கிலி ஆசாரியை இழுத்து வந்தார்கள்.

"மகாராஜா, இவன் பட்டறையில் ஆறு கல்வெட்டு கிடக்கிறது. எல்லாம் தாங்கள் பொடியை விடுகிற கல்வெட்டு! நாள் மட்டும் வெட்டவில்லை."

பூபதியின் மீசை துடித்தது. "ஏனடா?"

"கருங்கல்லு சாமி, ஒண்ணு வெட்டவே ஒரு மாசம் ஆவுது. நீங்க அதுக்குள்ள அடுத்ததுக்கு வந்துடுறீங்க. அதான் சும்மா இருக்கிற நேரத்துல..." சங்கிலி கையெடுத்துக் கும்பிட்டான். "உளி மேல சத்தியம் சாமி, இனிமே முன்கூட்டி ஒரு எழுத்துகூட வெட்டமாட்டேன்."

"இன்னும் ஆறு தடவை நான் தவறுவேன் என்று முடிவே கட்டிவிட்டாயா? அந்த ஆறு கல்லையும் தலையில் சுமந்துகொண்டு எல்லையைத் தாண்டு!"

ஒரு கல்லைத் தூக்கவே நாலு ஆள் வேண்டும். ஆறு கல்லைச் சுமந்தால் ஆசாரி எல்லைக்குப் போகமாட்டான், மேலே போய்விடுவான்.

சபையின் விகடகவி செவ்வந்தியப்பர் எழுந்தார். அந்தக் கல்வெட்டு வாசகத்தை எழுதிக் கொடுத்ததே அவர்தான். அந்த உறுத்தல் அவருக்கு இருந்தது.

"மகாராஜா, இவன் போட்ட கணக்குப் பொய்யென்றால் தண்டிக்கலாம். பொய்யா நிஜமா என்று முதலில் தெரியவேண்டாமா? ஒரு மண்டலம் பொடி தொடாமல் இருங்கள். நாற்பத்தெட்டு நாள் முடிந்தால் இவன் பொய்யன், சுமக்கட்டும். நடுவில் தொட்டுவிட்டால் இவன் நிஜம் சொன்னவன், வீட்டுக்குப் போகட்டும்."

"ஆகட்டும்!" என்று கர்ஜித்தார் பூபதி.

செவ்வந்தியப்பர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நாலு நாள் தாங்குவாரா இந்த மனிதர்?

தாங்கினார். பத்து நாள் போயிற்று. முப்பது நாள் போயிற்று. கோபத்தில் வந்த வைராக்கியம், மூக்கை வஸ்திரத்தால் கட்டிக்கொண்டே ராஜ்யம் ஆண்டார். செவ்வந்தியப்பருக்குச் சோறு இறங்கவில்லை. நம் வாயால் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டோமே என்று தவித்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை. கோயில் வாசலில் ஊரே கூடிவிட்டது. சங்கிலி தலையில் சும்மாடு கட்டி நின்றான். அவன் பெண்டாட்டி அழுதுகொண்டே சும்மாட்டைச் சரிசெய்தாள். அதைப் பார்த்த பூபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயித்த ராஜாவின் முகமாக அது இல்லை.

செவ்வந்தியப்பர் மடியிலிருந்த பொடிமட்டையைப் பிரித்து ஒரு தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்.

"மகாராஜா, அஸ்தமனம் வரை கெடு இருக்கிறது. இவன் உயிர் இப்போது உங்கள் மூக்கில்தான் இருக்கிறது."

"ஐயையோ, சத்தியம்!" என்றார் நரசப்பர்.

பூபதி குரலைத் தாழ்த்தினார். "தொட்டால் ஊர் என்னய்யா சொல்லும்? அந்த வார்த்தையைத்தானே சொல்லும்?"

"யார் சொல்லுவார்கள்? நாற்பத்தேழு நாள் இருந்து காட்டியவர் ஓர் ஏழைக்காகத் தொட்டால் அதற்குப் பெயர் வேறு. கருணை காட்டிவிட்டார் என்று ஊர் சொல்லும்."

பூபதியின் கண் கலங்கியது. கருணையாலா, மட்டையின் வாசனையாலா என்று அவருக்கே தெரியாது. ஒரு சிட்டிகை எடுத்தார். "இது சங்கிலிக்காக." இழுத்தார். "இது அவன் பெண்டாட்டிக்காக." இன்னொன்று. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஐந்து என்றார்கள். ஐந்து சிட்டிகை போயிற்று. "வீட்டில் மாடு உண்டா?" என்றார். எருமை ஒன்று உண்டு என்றார்கள். அதற்கும் கருணை காட்டினார். பிறகு தும்மினார் பாருங்கள், கோபுரத்துப் புறா ஒன்று மிச்சமில்லை.

"இன்று நாம் காட்டிய கருணையைக் கல்லில் வெட்டுங்கள்!" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

சங்கிலி சட்டென்று ஓடிப்போய், ஆறு கல்லையும் ஏற்றி வந்த வண்டியிலிருந்த வைக்கோலை விலக்கினான். உள்ளே பளபளவென்று ஒரு கல். 'சங்கிலியின் உயிர் காக்க மகாராஜா பொடி போட்ட நாள்' என்று வெட்டியிருந்தது.

"நாள் மட்டுந்தான் சாமி பாக்கி. அரை நாழிகையில முடிச்சுடுறேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பார்த்தீர்களா மகாராஜா!" நரசப்பர் துள்ளினார். "உளி மேல் சத்தியம் செய்தவன் பழைய..." தண்டோரா ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். கை மட்டும் சங்கிலியைக் காட்டிக்கொண்டே இருந்தது. "இதற்கு... இதற்கு என்ன சொல்வது?"

செவ்வந்தியப்பர் கல்லைத் தடவிப் பார்த்தார்.

"கருணை காட்டிவிட்டான், தளவாயே."

பூபதி சிரித்த சிரிப்பில் இன்னொரு தும்மல் வந்தது. ஆசாரிக்குப் பட்டுப் போர்த்தினார். செவ்வந்தியப்பருக்குத் தன் தங்க டப்பியையே தூக்கிக் கொடுத்து, "இனி இது எனக்கு வேண்டாம். சந்திரனும் சூரியனும் உள்ளவரை தொடமாட்டேன்" என்றார்.

சங்கிலி மெல்லக் கையைத் தூக்கினான். "ஆறு கல்லு தயாரா இருக்கு சாமி."