பீடிக்கு விரித்த இலை

சங்ககிரிப் பக்கத்துக் காட்டுவளவு என்னும் ஊரில் அத்தியப்பக் கவுண்டரின் மூத்த குமாரராகப் பிறந்து, நெடுங்காலம் லாரி ஓட்டி, ஐம்பத்தொன்பது வயது நிறைந்து அறுபது நடக்கும் வேளையில் கரட்டடி மடத்தில் சீடராக அமர்ந்தவர் திருவாளர் செங்கோடன் அவர்கள். இவ்வரலாறு அவரைப் பற்றியது.

மடத்தின் தலைமையில் இருந்தவர் நல்லாயி அம்மையார். அவர் செங்கோடனாரைவிடப் பன்னிரண்டு ஆண்டு இளையவர். ஆகவே குரு சீடரை 'அண்ணா' என்றும், சீடர் குருவை 'அம்மா' என்றும் அழைத்து வந்தனர். இதைக் கேட்டு வெளியூரார் சிரிப்பதுண்டு. மடத்தில் எவரும் சிரிப்பதில்லை.

மடத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வாசலுக்கு வந்தவர் யாராயினும், எதற்கு வந்தார் என்று கேட்கலாகாது. முதலில் இலை விரித்து அன்னம் இட வேண்டும். அவர் கை கழுவிய பின்னரே வந்த காரியத்தை வினவலாம். அந்த வாசற்பணி செங்கோடனாருக்கு வாய்த்திருந்தது. அதை அவர் மிக்க மகிழ்ச்சியோடு செய்து வந்தார்.

அவருக்கு இருந்த குறை ஒன்றுதான், பீடி. மடத்துக்கு வந்த அன்றே விட்டார், மீண்டும் தொட்டார். வயிற்றை வென்றால் வாயை வெல்லலாம் என்று கருதி விரதங்களை மேற்கொண்டார். அப்படியும் தவறினார். இனி ஒருமுறை தொட்டால் மடத்தை விட்டு நானே வெளியேறுவேன் என்று எல்லோரும் அறியச் சொல்லி வைத்தார்.

சொன்ன பின்னும் ஒரு நாள் தொட்டுவிட்டார். பகல் பந்தி முடியும் தறுவாயில், தோளில் பையுடன் அம்மையார்முன் வந்து நின்றார்.

"போயிட்டு வரேனுங்கம்மா."

"எங்கீங்கண்ணா?"

"வந்த வழிக்கேங்க. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால நின்னு குடிச்சுப்போட்டேன்."

"எப்பக் குடிச்சீங்க?"

"பந்தி மணி அடிச்சப்பங்க. ரசத்து வாசம் வந்துச்சு. கை தானா மடிக்குப் போயிருச்சு."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இன்னைக்குச் சனிக்கிழமையும் கிருத்திகையும் ஒண்ணா வந்துருச்சுங்களே. விடியல்ல இருந்து பச்சைத்தண்ணிதானுங்க."

"இதுக்கு முந்தித் தவறினது?"

"சஷ்டியன்னைக்குங்க."

"அதுக்கும் முந்தி?"

"அதுவும் ஒரு சனிக்கிழமைங்க. விரதம்."

"விரதமில்லாத நாள்ல?"

செங்கோடனார் சற்று யோசித்தார்.

"ஆசை வருமுங்க. ஆனா தாங்கிக்குவேன். விரதம் போதலையாட்டம் இருக்குதுங்கம்மா. இன்னும் ரெண்டு நாள் கூட்டிப் பார்த்திருக்கோணும்."

அம்மையார் புன்னகை புரிந்தார்.

"லாரியில போறப்போ பசிச்சா என்ன பண்ணுவீங்க?"

"சரக்கு ஏத்திட்டா நெனைச்ச எடத்துல நிறுத்த முடியாதுங்க. ஒரு பீடியைப் பத்த வெப்பேன். பசி அடங்கீரும். அடுத்த ஓட்டல் வரைக்கும் வண்டி ஓடும்."

"எத்தனை காலமா?"

"மீசை மொளச்ச காலத்துல இருந்துங்க."

"பசி வந்து நின்னப்பெல்லாம் பீடியைக் குடுத்து அனுப்பியிருக்கீங்க. இப்பவும் அது வந்து பழகினதைத்தான் கேக்குது."

செங்கோடனார் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அம்மையார் தொடர்ந்தார்.

"மாசாமாசம் வைத்தியம் பார்க்க வருதே, அந்த டாக்டர் பொண்ணு ஒருநாள் சொல்லுச்சு. வயிறு காலியானா அங்க ஒண்ணு சுரந்து, ரத்தத்தோட மூளைக்குப் போயிச் சோறு கேக்குமாம். பீடி குடிக்கறவங்களுக்கு அதே சுரப்பு பீடியாசையையும் கெளப்பி விடும்போல இருக்குன்னு சொல்லுச்சு."

"அப்போ இன்னைக்கு வந்தது பசிங்களா, பீடிங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? வந்தது உங்ககிட்ட."

"நான் எப்படீங்க கண்டுபிடிக்கறது?"

"வாசல்ல வந்து நிக்கறவங்க யாரு, எவருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?"

"அதை நான் கேக்கறதே இல்லீங்களே. இலையைப் போட்டு உக்கார வெப்பேன். வெவரமெல்லாம் கை கழுவினதுக்கு அப்புறம்தான். போன மாசம் ஒருத்தர் சண்டைக்குன்னே வந்தாருங்க. ரெண்டாந்தரம் ரசம் வாங்கிக் குடிச்சாரு. போறப்போ என் தோளைத் தட்டிப்போட்டுப் போனாரு. பாதிப்பேரு வந்த காரியத்தையே மறந்துபோட்டுப் போயிருவாங்கம்மா."

"மறக்காதவங்க?"

"இருப்பாங்க. வயிறு நெறஞ்ச மனுசன்கிட்டப் பேசறது சுளுவுங்க."

இதைச் சொன்னவுடன் செங்கோடனார் தாம் சொன்னதைத் தாமே கேட்டவர்போல வாயை மூடிக்கொண்டார்.

அம்மையார் எழுந்து சென்று, கடைசிப் பந்தியின் ஓரத்தில் ஓர் இலையை விரித்து நீர் தெளித்தார்.

"உக்காருங்கண்ணா."

"கிருத்திகைங்கம்மா. முருகனுக்குன்னு இருந்தது. அவரு என்ன நெனைப்பாரு?"

"அவரே நம்ம வாசலுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"இலை போடுவேனுங்க."

"அவருகிட்டயும் முதல்ல காரியம் கேக்க மாட்டீங்கல்ல?"

செங்கோடனார் பையைத் தூணோரம் வைத்துவிட்டு அமர்ந்தார். சாம்பார், ரசம், மோர் என்று முறையாக உண்டார். மோருக்கு மறுசோறு கேட்டு வாங்கினார். அம்மையார் அருகில் நின்று பரிமாறினார்.

செங்கோடனார் இலையை மடித்து எடுத்துச் சென்று, தொட்டியில் கை கழுவி, துண்டில் துடைத்தவாறு திரும்பினார். அம்மையார் தூணருகே நின்றிருந்தார். செங்கோடனார் வாசலில் நின்று தினந்தோறும் பிறரைக் கேட்கும் அதே பணிவான குரலில் அம்மையார் கேட்டார்:

"கை கழுவியாச்சுங்களா? இப்பச் சொல்லுங்க. வந்த காரியம் என்னங்க?"

செங்கோடனார் அம்மையாரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பையை எடுத்து வாசலறை ஆணியில் பழையபடி மாட்டினார். வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் ஓசை கேட்கவே, இலைக்கட்டை நோக்கி நடந்தார்.

இக்காரியம் இவ்வாறு தீர்ந்தது சோபகிருது ஆண்டு, தை மாதம் ஆறாம் நாள், சனிக்கிழமை, கிருத்திகை, பகற்பந்தி நிறைவுற்ற வேளை.