கரடி வைத்தியரின் செவ்வேர்ப் பொடி

மிளகுக்கொடி படர்ந்த ஒரு காட்டில் கரடி வைத்தியர் ஒருவர் இருந்தார். கைராசிக்காரர்தான். ஆனால் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதென்றால் மட்டும் சோம்பல்.

அவரிடம் செவ்வேர்ப் பொடி ஒன்று உண்டு. சீழ் பிடித்த புண்ணைக்கூட மூன்றே நாளில் ஆற்றிவிடும். அதைத் தும்மலுக்கும் கொடுத்தார், மூக்கொழுகலுக்கும் கொடுத்தார். வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பினால், கோபித்துக்கொண்டு நரி வைத்தியரிடம் போய்விடுவார்களே என்று பயம்!

ஒரு நாள் முயலம்மா தும்முகிற குட்டியோடு வந்தாள்.

"வைத்தியரே, இது வந்து..."

அவள் முடிப்பதற்குள் பொட்டலம் கைக்கு வந்துவிட்டது. "மூணு வேளை குடு. அடுத்து யாருப்பா?"

அன்று மத்தியானமே கரடியின் மகள் குழலி நொண்டிக்கொண்டு வந்தாள். காட்டுப்பன்றி தன் கோரைப்பல்லால் காலைக் கிழித்துவிட்டது.

"இவ்வளவுதானா? அழாதே கண்ணு" என்று கரடி பொடியை அள்ளி அப்பிக் கட்டினார்.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழங்கால் வரை சீழ் ஏறியிருந்தது! இன்னும் பொடி வைத்தார். இன்னும் ஏறியது. தும்மலுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து, காட்டிலுள்ள கிருமிகளுக்கு அந்தப் பொடி பழகிப்போயிருந்தது.

"எல்லாருக்கும் சரியாகுதே, எனக்கு மட்டும் ஏன்ப்பா வலி கூடுது?" என்று அழுதாள் குழலி.

வழி தெரியாத கரடி, அவளைப் பார்க்க வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தார். "எல்லாம் உங்களாலதான்! மருந்து மருந்துன்னு என் உயிரை எடுத்தீங்களே!"

முயலம்மா திகைத்துப்போனாள். "நான் எங்கே மருந்து கேட்டேன்? இது சும்மா தும்மலா, இல்ல புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமான்னு கேக்கத்தான் வந்தேன். எங்கே கேக்க விட்டீங்க? நீங்க குடுத்தீங்களேன்னுதான் ஊட்டினேன்."

"நானும் அப்படித்தான்" என்றார் குரங்கு மாமா. மானும் தலையாட்டினாள்.

கரடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர்கூடவா கேட்கவில்லை!

குழலி பிழைத்தாள். அந்தக் கால் பிழைக்கவில்லை.

இப்போதெல்லாம் யாராவது தும்மிக்கொண்டு வந்தால் கரடி பொடிச் சட்டியைத் தொடுவதில்லை. "உக்காரு. எதை நெனச்சுப் பயப்படுறே, சொல்லு" என்கிறார். வந்தவர்களுக்கு, மூன்று காலில் நடந்து வந்து வெந்நீர் கொடுப்பவள் குழலி.

நீதி: நோயாளி வாயைத் திறக்கும் முன் மருந்துச் சட்டியைத் திறக்காதே.