ஆள்காட்டி கத்தாத நாள்

பங்குனி மாதத்தில் அந்த மலைக்காடு தீப்பிடித்து மூன்று நாள் எரிந்தது. தப்பிய விலங்குகள் அடிவாரத்து ஓடைக்கரையில் வந்து சேர்ந்தன. அங்கே மட்டும்தான் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது.

ஒரு முயல் தன் மூன்று குட்டிகளையும் இழந்திருந்தது. கடமானின் கூட்டத்தில் பாதி இல்லை.

நரிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. புகை வாசம் முதலில் அதன் மூக்குக்குத்தான் எட்டியது. யாரையும் எழுப்பாமல் அது தனியாக ஓடி வந்துவிட்டது. 'இதை யாராவது கேட்டால் என்ன சொல்வேன்?' என்று தவித்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது.

"எல்லாம் ஆள்காட்டிப் பறவையால் வந்த வினை!" என்றது நரி. "எலி ஓடினால்கூடத் தொண்டை கிழியக் கத்துமே! அன்றைக்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை?"

எல்லாக் கண்களும் ஆள்காட்டியின் மேல் திரும்பின. அதன் ஒரு கால் வெந்து போயிருந்தது.

"கத்தினாயா, இல்லையா?" என்று அதட்டியது காட்டுப்பன்றி.

"இல்லை," என்றது ஆள்காட்டி.

"அப்படியென்றால் இங்கே இருக்காதே! போ!"

ஆள்காட்டி பறந்து போய், ஓடைக்கு மேலே இருந்த கரிந்த பாறையில் உட்கார்ந்தது. பகலெல்லாம் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். முயல் தண்ணீர் குடிப்பதும், மான்கள் ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பதும் தெரியும். தண்ணீர் குடிக்க இறங்கினால் பன்றி உறுமும். அதனால் பாறைக் குழியில் தேங்கிய பனித்துளியைக் குடித்தது. பல நாள் அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

ஆடி மாதம் மழை கொட்டியது. இரண்டாம் நாள் பகலில் ஆள்காட்டி ஒன்றைக் கவனித்தது. மழை விடவே இல்லை. ஆனால் ஓடைத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது! மேலே பறந்து போய்ப் பார்த்தது. எரிந்த மரங்களும் சேறும் சரிந்து ஓடையை அடைத்திருந்தன. அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் குளமாக நின்றது.

'நான் சொன்னால் கேட்பார்களா?' என்று ஒரு கணம் தயங்கியது. பிறகு கீழே பாய்ந்தது.

"ஏறுங்கள்! பாறைமேல் ஏறுங்கள்! வெள்ளம் வரப்போகிறது!"

"கேட்காதீர்கள்! நம்மைப் பழிவாங்கத் துரத்தப் பார்க்கிறது!" என்று கத்தியது நரி.

"என்னை நம்ப வேண்டாம்! ஓடையைப் பாருங்கள்! இவ்வளவு மழையில் தண்ணீர் ஏன் வற்றுகிறது?"

முயல் ஓடையைப் பார்த்தது. கூழாங்கற்கள் வெளியே தெரிந்தன. அது மறு பேச்சு பேசாமல் ஓடியது. கடமான்கள் பின்னால் ஓடின. பன்றியும் நரியும் கடைசியாகப் பாறையில் ஏறின. அடுத்த நொடி, கருஞ்சேறும் மரங்களுமாக வெள்ளம் இடிபோல வந்து கரையை அடித்துக்கொண்டு போனது.

எல்லோரும் நனைந்து நடுங்கி நின்றார்கள். கடமான் ஆள்காட்டியின் அருகில் வந்தது. "அன்றைக்கு ஏன் கத்தவில்லை?" என்று மெல்லக் கேட்டது.

அதுவரை யாரும் அதை அப்படிக் கேட்டதில்லை.

"தரையில் நான்கு முட்டைகள் இருந்தன," என்றது ஆள்காட்டி. "அனல் படாமல் சிறகை விரித்து மூடிக்கொண்டு கிடந்தேன். நெருப்பு விலகிப் போய்விடும் என்று நினைத்தேன். வேறு எதுவும் என் மனதில் இல்லை. நெருப்பு விலகவில்லை. முட்டைகள் வெடித்துவிட்டன."

முயல் நகர்ந்து வந்து அதை ஒட்டி உட்கார்ந்தது.

நரி தலையைத் தொங்கப் போட்டது. "புகையை முதலில் அறிந்தவன் நான்தான். சொல்லாமல் ஓடிவிட்டேன்," என்றது.

"அடித்து விரட்டுங்கள் இவனை!" என்று பன்றி சீறியது.

"வேண்டாம்," என்றது ஆள்காட்டி. "தனியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்."

மழை ஓயும்வரை அந்தச் சிறிய பாறையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். நரியும் ஓர் ஓரத்தில் நின்றது. ஆள்காட்டியின் முட்டைகள் திரும்பி வரவில்லை. ஆனால் அன்று அதன் இரு பக்கமும் சூடு இருந்தது.

பேரிழப்புக்குப் பின் பழிபோட ஆள் தேடுகிறவர்கள் சிதறிப் போவார்கள். அடுத்தவர் துயரத்தைக் கேட்டறிகிறவர்களே மறுபடியும் சேர்ந்து வாழ்வார்கள்.